திரும்ப இன்ஸ்டோல் பண்ண முதல்

மூதூரிலிருந்து ஒரு தம்பி இரவு எட்டரைக்குக் கோல் எடுத்தான். “அண்ணன், நெட் வேலை செய்யுதில்ல. திரும்ப இன்ஸ்டோல் பண்ணவா?” எத்தனை தரம் பண்ணினாய் என்று கேட்டேன். மூன்று தரமாம். மூன்று தரமும் அதே பென்டிரைவ், அதே டெபியன். மூன்று தரமும் வைஃபை வரவில்லை. நாலாவது தரம் மட்டும் எங்கிருந்து வரும்?

இது விண்டோஸில் ஒட்டிக்கொண்ட பழக்கம். லினக்ஸில் எது பழுது என்று கெர்னலே எழுதி வைத்திருக்கும். அதை வாசிக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை. டெர்மினல் திறக்கத் தெரிந்தவர்களுக்காக, எந்த ஒழுங்கில் வாசிப்பது என்று இங்கே சொல்கிறேன். கட்டளைகளைத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லியே பழகிவிட்டதால் இதிலும் ஒலிப்படியே எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், பெரிய எழுத்து என்று நான் சொல்லாதவரை சிறிய எழுத்தில் தட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘சூடோ’ போடுங்கள். டெபியனில் சூடோ இல்லாமல் கெர்னல் பதிவேட்டைப் பார்க்கக்கூட விடாது.

முதல் வேலை, கருவி கெர்னலின் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது. உள்ளே பூட்டிய கார்டுக்கு எல், எஸ், பி, சி, ஐ. இடைவெளி விட்டு -என்என்கே. யூஎஸ்பியில் செருகியதற்கு எல்எஸ்யூஎஸ்பி. பட்டியலில் பெயரே இல்லையென்றால் அது டிரைவர் பிரச்சினை இல்லை. இணையத்தில் தேடி நேரத்தைக் கரைக்காமல் ஸ்க்ரூட்ரைவரை எடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் வைத்துப் பாவித்த லப்டொப் என்றால் நான் கேள்வியே கேட்பதில்லை. மூடியைக் கழற்றி, பற்றரியின் இணைப்பை எடுத்துவிட்டு, வைஃபை கார்டின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகுவேன். உப்புக்காற்று அந்தப் பற்களில் ஒரு மங்கல் படலத்தைப் பிடிப்பித்துவிடும். மாரி காலத்தில் இன்னும் மோசம்.

இனி வருவதில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். கருவி பட்டியலில் இருக்கிறது, ஆனால் ‘ஐபி லிங்க்’ என்று தட்டினால் ‘டபிள்யூஎல்’ என்று தொடங்கும் வரி இல்லை.

எல்எஸ்பிசிஐ காட்டியதில் அந்தக் கார்டுக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிரைவரே ஏறவில்லை. கார்டின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளியோடு, நாலும் நாலுமாக எட்டு எழுத்து இருக்கும். அதைக் கடதாசியில் எழுதுங்கள். முதல் நாலு தயாரித்தவர்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் ப்ரோட்கொம். பின் நாலு கார்டின் மாதிரி. தேடும்போது இந்த எட்டையும் போட்டுத் தேடுங்கள். லப்டொப்பின் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்களோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே பெயரில் வருகிற லப்டொப்புக்குள்ளேயே இரண்டு மூன்று விதமான கார்டு இருக்கும்.

டிரைவர் வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் அநேகமாக ஃபர்ம்வேர். டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒன்றென்று நினைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். டிரைவர் உங்கள் கணினியின் ப்ராசஸரில் ஓடுவது. ஃபர்ம்வேர், கார்டுக்குள் இருக்கும் சின்ன ப்ராசஸரில் ஓடுவது. பல கார்டுகளில் அதைச் சேமித்து வைக்க இடமில்லை. அதனால் ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் டிரைவர் ‘லிப்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபர்ம்வேர்’ கோப்புறையிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்றுகிறது. கொட்டியாரக் குடா வாசலில் நிற்கும் கப்பலுக்குத் துறைமுகத்திலிருந்து பைலட்டை அனுப்புகிற மாதிரிதான். அவர் ஏறும் வரைக்கும் கப்பல் அங்கேயே நிற்கும்.

இப்போது கெர்னல் பதிவேட்டைப் பார்க்க டி, எம், இ, எஸ், ஜி. நீளமாக ஓடும், ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். வரியின் கடைசியில் ஒரு கழித்தல் எண் இருக்கும். அந்த எண்தான் நோயின் பெயர். -2 என்றால் கேட்ட கோப்பு இல்லை. -110 என்றால் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. -71 என்றால் பேச்சு நடுவில் குழம்பிவிட்டது. யூஎஸ்பியில் இது வந்தால் கேபிளையும் துளையையும் முதலில் சந்தேகியுங்கள்.

-2ஐக் கண்டவுடன் குதிக்காதீர்கள். இன்டெல் கார்டின் டிரைவர் ஆகப் புதிய பதிப்பு ஃபர்ம்வேரை முதலில் கேட்கும். இல்லையென்றால் அதற்கு ஒரு படி கீழே, பிறகு இன்னொரு படி கீழே. ஒவ்வொரு தரமும் ஒரு -2 எழுதும். கடைசியில் ஒன்று கிடைத்து ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று எழுதியிருந்தால் மேலேயுள்ள -2கள் எல்லாம் வெறும் முணுமுணுப்பு. ‘யோயோ’ என்ற பெயரோடு ஒரு கோப்பைக் காணவில்லை என்றும் சொல்லும். அது பொறியியலாளர்களின் சோதனைக் கோப்பு, உங்களுக்குத் தேவையே இல்லை. அந்த யோயோவைத் தேடி இரண்டு நாள் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய உண்மையான பழுது வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். வாசித்தால் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.

உண்மையிலேயே கோப்பு இல்லையென்றால், எந்த டெபியன் என்று பாருங்கள். 2023 ஜூனில் டெபியன் 12 வரும் வரைக்கும், இந்த மூடிய ஃபர்ம்வேர்களை அதிகாரபூர்வ இன்ஸ்டோலர் தன்னோடு கொண்டுவரவில்லை. மூதூர்த் தம்பியின் பென்டிரைவில் இருந்தது 11. எத்தனை தரம் போட்டாலும் பென்டிரைவில் இல்லாதது எப்படி உள்ளே வரும்? 11இலிருந்து 12க்கு மாறியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 12இல் ஃபர்ம்வேரைத் தனிப் பிரிவாக்கி ‘நொன்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் மூலப்பட்டியல் கோப்பில் பழைய ‘நொன்-ஃப்ரீ’ மட்டும் இருந்தால் ஃபர்ம்வேர் பழையதாகவே நின்றுவிடும். அந்தச் சொல்லையும் சேருங்கள். பழைய 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் 12ஓடு நின்றுகொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13க்கு 32 பிட் இன்டெல் இன்ஸ்டோலர் கிடையாது.

“வைஃபை வர ஃபர்ம்வேர் வேணும், ஃபர்ம்வேர் எடுக்க வைஃபை வேணும், பிறகெப்படி அண்ணன்?” என்று கேட்பார்கள். போனைச் சார்ஜ் கேபிளால் லப்டொப்பில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களுக்கு வேண்டிய டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் எதுவும் கேட்காது. சில விநாடியில் நெட் வந்துவிடும். பிறகு இன்டெல்லுக்கு ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’, ரியல்டெக்குக்கு ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ பொதியை ஏற்றி மறுபடி இயக்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள் இதற்கு உதவாது, தரவுக் கம்பி உள்ள கேபிள் வேணும்.

யோயோக்காரருக்கு இருந்தது -110. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லப்டொப்பில். விண்டோஸை மூடினால் அது முழுதாக மூடுவதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற பெயரில் அரைத்தூக்கம் போடும். கார்டும் அதே நிலையில் கிடக்கும், லினக்ஸ் வந்து கூப்பிட்டால் பதில் சொல்லாது. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்தினார், முடிந்தது. இரண்டையும் பாவிக்கிறவர்களுக்குக் கடிகாரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடினாலும் பயப்பட வேண்டாம். விண்டோஸ் நம் நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் எழுதுகிறது. லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரமென்று எடுத்து ஐந்தரையைக் கூட்டுகிறது. ஆனால் நேரமும் திகதியும் பிழையாயிருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும், அதையும் ஆட்கள் ‘நெட் இல்லை’ என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று, வைஃபை வரும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் இருந்தால்தான் வரும். டிரைவர் ‘ஆர்டிஎல்8723பிஇ’ என்றிருந்தால் ரவுட்டரைத் திட்ட வேண்டாம். சில லப்டொப்களில் ஒரே ஒரு அன்டெனா வயர், அதுவும் டிரைவர் எதிர்பார்க்கிற முனையில் இல்லாமல் மற்றதில் பூட்டியிருப்பார்கள். ‘இடிசி’க்குள் ‘மோட்ப்ரோப்.டி’ கோப்புறையில் .கொன்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு உண்டாக்கி, ‘ஒப்ஷன்ஸ்’, டிரைவரின் பெயர், ‘ஆன்ட்_செல்=2’ என்று ஒரே வரியில் எழுதி மறுபடி இயக்குங்கள். 2 சரிவராவிட்டால் 1.

கருவி பட்டியலில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ ஒரு தரம் பாருங்கள். ‘ஹார்ட் ப்ளொக்ட்: யெஸ்’ என்றால் அநேகமாக லப்டொப்பின் ஓரத்தில் ஒரு சின்ன ஆளி ஓஃப் ஆகியிருக்கிறது. எனக்கும் நடந்திருக்கிறது.

வைஃபை இணைந்தும் நெட் இல்லையென்றால் பார்க்க வேண்டிய நெட்வேர்க் படிகள் இதைவிட எளிது. ‘ஐபி அட்ரஸ்’ காட்டும் எண் 169.254இல் தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை. முகவரி இருந்தால் ‘ஐபி ரூட்’ காட்டும் ‘டிஃபோல்ட்’ எண்ணுக்குப் பிங். அது பதில் சொன்னால் 8.8.8.8க்கு. அதுவும் சொன்னால் ஏதாவது தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் பழுது டிஎன்எஸ். எந்தப் படியில் நின்றதோ அதற்குமேல் பார்க்க வேண்டாம். ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ தட்டி ‘அன்மேனேஜ்ட்’ என்று வந்தால், ‘இடிசி’, ‘நெட்வேர்க்’, ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் அந்தக் கார்டின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அந்த வரிகளின் முன் # போட்டு மறுபடி இயக்குங்கள். பிங் எல்லாம் போகிறது, சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியூவை (ஒரு பொதியின் உச்ச அளவை) 1492ஆகக் குறைத்துப் பாருங்கள். பிபிபிஓஇ இணைப்பு ஒவ்வொரு பொதியிலும் 8 பைட் எடுத்துக்கொள்கிறது.

‘ஹேங் ஆகுது’ என்பது அடுத்த முறைப்பாடு. கலியாண வீடியோ வெட்டுகிற ஒரு நண்பர், எக்ஸ்போர்ட் 40 வீதத்தில் நின்றுவிடுகிறது, ப்ராசஸர் போதாது, புதுசு வாங்கப்போகிறேன் என்றார். சீனக்குடாவில் அவர் வீட்டுக்குப் போய் ‘டொப் -எச்’ தட்டினேன். அந்தப் பெரிய எழுத்து எச் போட்டால்தான் ஒரு ப்ரோக்ராமின் ஒவ்வொரு திரெட்டும் தனி வரியாக வரும். லினக்ஸ் கெர்னலுக்குத் திரெட்டும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய ஒரு வேலைதான், அதற்கென்று சொந்த எண் உண்டு. ப்ராசஸர் சும்மா இருந்தது, லோட் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு பிஎஸ் -இஎல்ஓ (இதில் எல் மட்டும் பெரிய எழுத்து), அதன்பின் இடையில் கொமா வைத்து ஐந்து நிரல்: பிஐடி, டிஐடி, ஸ்டாட், டபிள்யூசான், கொம். ஸ்டாட் நிரலில் ஆர் என்றால் அந்தத் திரெட் ஓடுகிறது அல்லது ஓடக் காத்திருக்கிறது. ஒரே திரெட் ஆர், 100 வீதம், மணிக்கணக்காக என்றால் ப்ரோக்ராம் சுழலில் மாட்டியிருக்கலாம். எல்லாம் எஸ், டபிள்யூசானில் ‘ஃப்யூடெக்ஸ்’ என்றால் ஒன்றையொன்று பூட்டுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, எழுதியவரின் பிழையாயிருக்கலாம். டி என்றால் எழுப்ப முடியாத தூக்கம். கெர்னலுக்குள், பெரும்பாலும் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கில் -9ஆலும் சாகாது. 120 விநாடி தாண்டினால் டிஎம்இஎஸ்ஜியிலும் கெர்னல் முறைப்பாடு எழுதும்.

நண்பரின் ப்ரோக்ராமில் ஒரே ஒரு திரெட் டி. மற்றவை எல்லாம் ஃப்யூடெக்ஸில் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஒன்று வீடியோவை யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து வாசிப்பது. டிஎம்இஎஸ்ஜியைத் திறந்தால் வரிசையாக -71. கேபிளின் முனையில் பச்சை பிடித்திருந்தது. புதுக் கேபிள் போட்டோம், எக்ஸ்போர்ட் முடிந்தது, ப்ராசஸர் வாங்கவில்லை.

பென்டிரைவுக்குப் படம் ஏற்றும்போது 100 வீதத்தில் நிற்பதும் ஹேங் இல்லை. கெர்னல் முதலில் எல்லாவற்றையும் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு ‘முடிந்தது’ என்கிறது, பிறகுதான் பென்டிரைவுக்கு ஆறுதலாக எழுதுகிறது. ‘ப்ரொக்’ கோப்புறையின் ‘மெமின்ஃபோ’ கோப்பில் ‘டேர்ட்டி’ என்ற வரியைப் பாருங்கள், எண் இறங்கிக்கொண்டிருக்கும். ‘சிங்க்’ என்று தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். ப்ராம்ப்ட் திரும்பி வந்த பிறகு, அன்மவுண்ட் பண்ணிவிட்டுக் கழற்றலாம்.