பொய்யும் கரணமும்: ‘மிஸ்ஸியம்மா’வும் ஒப்பந்தத் திருமணப் புதினங்களும்

இன்றைய தமிழ்க் காதல் புதினங்களில் மீண்டும் மீண்டும் பயின்றுவரும் கருக்களுள் ஒன்று ஒப்பந்தத் திருமணம். ஏதோ ஒரு தேவைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவர், நடிப்பினூடே காதலராகின்றனர். இக்கருவின் முன்வடிவத்தை, ரவீந்திரநாத் மைத்ராவின் வங்க நாடகத்தை மூலமாகக் கொண்டு எல்.வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’ (1955) நகைச்சுவைத் திரைப்படத்தில் காணலாம்.

காதலர் உறவில் பொய் புகுந்தமையே திருமணக் கரணம் வகுக்கப்படக் காரணமாயிற்று என்பது தொல்காப்பியக் கற்பியலின் கருத்து. இங்கோ பொய்யே இல்லறத்திற்கு வாயிலாகிறது. களவு முந்த, கற்புப் பிந்தும் வைப்புமுறையும் தலைகீழாகிறது. ஊரறிந்த இல்லறம் முதலில், உள்ளத்துக் காதல் பின்னர்.

பாலுவையும் மேரியையும் நடிக்கத் தூண்டுவது வேலையின்மை. கணவன் மனைவியாக உள்ளோருக்கே ஆசிரியப் பணி என்பது பள்ளி விளம்பரத்தின் நிபந்தனை. புதினங்களில் இவ்விடத்தைப் பெரும்பாலும் சொத்தோ மூத்தோர் விருப்பமோ நிரப்புகிறது, வயிற்றுப்பாடு விலகிவிடுகிறது. இஃது இழப்பே. ஆயினும், சாவித்திரியின் முகக்குறிப்பு உணர்த்தும் மனமாற்றத்தைப் புதினம் அகமொழியாகப் பல பக்கங்களுக்கு விரிக்க இயல்கிறது.

கிறித்தவப் பெண்ணாக வளர்ந்த மேரி, பள்ளியை நடத்தும் செல்வரின் காணாமற்போன மகளே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. மதம் கடந்த மணம் என்னும் சிக்கலை எதிர்கொள்ளாமலே, பிறப்பு மறைபொருள் ஒன்றால் திரைப்படம் அதனைக் கடந்துவிடுகிறது.