பாலிப்புக்குக் கத்தி தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கொலோனோஸ்கோபியில் பெருங்குடலில் 3 செ.மீ. பாலிப் இருப்பது தெரிந்தது. பயாப்சியில் புற்றுநோய் இல்லை. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் எண்டோஸ்கோப்பிலேயே எடுக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: புற்றுநோய் அறிகுறி இல்லாதவரை என் ஓட்டு எண்டோஸ்கோப்புக்கே. பாலிப்புக்கு அடியில் நீலச்சாயம் கலந்த திரவத்தை ஊசியால் செலுத்துவார்கள். பாலிப் கொப்புளம்போல மேலெழும்பும். கம்பிச் சுருக்கை மாட்டி, துண்டு துண்டாக அறுத்தெடுப்பார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. சில நாள் கழித்து ரத்தம் கசியலாம்; அரிதாகக் குடலில் ஓட்டை விழலாம். துண்டுகளாக எடுப்பதால் அதே இடத்தில் மறுபடி முளைக்கவும் கூடும். ஓரங்களைச் சுட்டுவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எப்படியும் 6 மாதத்தில் மறு கொலோனோஸ்கோபி கட்டாயம். நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷனில் குடலின் ஒரு பகுதியையே வெட்டி இணைப்பார்கள். மீண்டும் முளைக்கும் கவலை குறைவு. ஆனால் இணைப்பு கசிவது, தொற்று, அந்த வயதில் மயக்க மருந்தின் சுமை என விலை அதிகம். பாலிப் ஆழமாக வேர்விட்டிருந்தால், திரவம் செலுத்தியும் எழும்பாமல் புற்றுநோய்ச் சந்தேகம் தந்தால், அப்போது தயங்காமல் சர்ஜனிடம் போங்கள். பயாப்சி ஒரு கிள்ளல்தான். அதை மட்டும் நம்ப முடியாது. பெரிய பாலிப்புகளை வழக்கமாக எடுக்கும் எண்டோஸ்கோபி நிபுணரிடம் கொலோனோஸ்கோபி வீடியோவைக் காட்டி, அவர் கருத்தைக் கேட்டபின் முடிவெடுங்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.