மூச்சு முதலாவது

(ஆரோக்கியப் பாடம் – வேத பகுதி: 1 இராஜாக்கள் 19:1-18)



உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் தாங்கப்படுகிற இந்த ஊழியத்திலிருந்து, இம்முறை ஒரு நோயாளித் தாயார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மேற்குமலைக் கணவாய்கள் வழியாகக் காற்று இறங்கும். காற்றாலைகளுக்கு அது நல்ல காலம். வயல்காட்டுப் புழுதியும் செங்கல் சூளைப் புகையும் பஞ்சுத் தூசியும் அந்தக் காற்றோடு சேர்ந்துகொள்ளும். எங்கள் புறநோயாளிகள் பிரிவின் பெஞ்சுகளில் இளைப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதன்பின் மார்கழிப் பனியில் இன்னொரு முறை அந்த பெஞ்சுகள் நிரம்பும்.

அப்படிப்பட்ட ஒரு காலையில் வந்தவர்தான் அந்தத் தாயார். ஐம்பது வயதைக் கடந்தவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்து, பொழுது சாயும்போது இறங்கி வருகிறவர். பல வருஷமாக ஆஸ்துமா. அதோடு சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, மூட்டுவலி. நான்கு வெவ்வேறு இடங்களில் வாங்கிய மாத்திரைகளை ஒரே மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

நான் என் கடமையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு தாளில் ஒன்பது காரியங்களை எழுதிக் கொடுத்தேன். உப்பைக் குறையுங்கள், அரிசியைக் குறையுங்கள், தினமும் நடங்கள், விறகடுப்பை விட்டுவிடுங்கள், தூசியில் நிற்காதீர்கள் என்று பட்டியல் நீண்டது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, இம்புட்டையும் என்னால செய்ய முடியாது. முதல்ல எதைச் செய்யணும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒன்பதையும் எழுதத் தெரிந்த எனக்கு, அவற்றில் முதலாவது எது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்விதான் இந்தப் பாடம்.

எலியாவுக்குத் தேவன் வைத்த ஒழுங்கு

யேசபேலுக்குப் பயந்து ஓடின எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, இனி வாழ்ந்தது போதும் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். தேவன் அவருக்கு என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். முதலில் தூங்க விட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். அந்தப் பலத்தோடுதான் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனார். அங்கேதான் அவருடைய மனபாரத்தைக் குறித்த பேச்சு நடந்தது. கடைசியில்தான் புதிய வேலை கொடுக்கப்பட்டது. அவர் தனியாள் அல்ல, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது.

எலியாவின் பிரச்சனைகள் பல. தேவன் ஒன்றையும் அற்பமாக எண்ணவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவர்மேல் சுமத்தவுமில்லை. அவரை உயிரோடு வைத்திருக்க எது வேண்டுமோ அதை முதலில் கொடுத்தார்.

முறைத் தண்ணீர்

இந்த ஒழுங்கு நம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்குப் புதிதல்ல. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படுவது வழக்கம். தண்ணீர் வந்தவுடன் எல்லா வயலிலும் ஒரே நாளில் நடவு நடப்பதில்லை. முதலில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாயும். நாற்று கருகிப்போனால் பின்னால் எவ்வளவு தண்ணீர் வந்தும் பயனில்லை.

ஒரு கூலித் தாயாரின் பணமும் நேரமும் உடல் பலமும் அந்த முறைத் தண்ணீரைப் போன்றவை. அளவு கொஞ்சம், வயல்கள் அநேகம். ஆகவே பல வியாதிகளோடு வாழ்கிறவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. இவற்றில் எது இந்த வாரமே என் உயிரை எடுக்கக்கூடியது?
2. எதைச் சரிசெய்தால் மற்றவையும் இலகுவாகும்?
3. எதை என்னால் தினமும் விடாமல் செய்ய முடியும்?

நெஞ்சுவலி வந்தவருக்கோ, சர்க்கரையால் காலில் புண் வந்தவருக்கோ முதல் இடம் வேறாக இருக்கும். நம்முடைய தாயாருக்கு மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான் வந்தது. மூச்சு.

முதலாவது: மூச்சு

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்தோறும் அழன்று வீங்கியிருக்கிறது. தூசியோ புகையோ சளியோ பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இதற்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு. சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து, இறுகிய தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்தும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதில்லை. புடசோனைட் போன்ற தடுப்பு மருந்து வீக்கத்தை ஆற்றும். அது நாட்கள், வாரங்கள் எடுத்து வேலை செய்வதால், "இதில் குணமே தெரியவில்லை" என்று மக்கள் விட்டுவிடுகிறார்கள். நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்லுகின்றன. அதே 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணிப்பின்படி, இந்தியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேருக்கு ஆஸ்துமா. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது எட்டில் ஒரு பங்கு. மரணங்களிலோ நம் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்.

"பஃப் உறிஞ்சினால் பழக்கமாகிவிடும்" என்ற பயம் நம் கிராமங்களில் பெரிது. கணக்கைப் பாருங்கள். ஒரு 10 மில்லிகிராம் பிரட்னிசலோன் மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒருமுறை உறிஞ்சும் புடசோனைட்டில் இருப்பது 200 மைக்ரோகிராம் அளவே. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். பஃப்பின் நிறத்தை வைத்து அடையாளம் கொள்ளாமல், பெயரை வாசித்து வாங்க வேண்டும்.

மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே போக, பஃப்போடு ஸ்பேசர் என்ற குழல் தேவை. அதை வாங்க வழியில்லாதவர்களுக்கும் ஒரு நற்செய்தி உண்டு. சாதாரண 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில், பஃப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டால், அதுவே நல்ல ஸ்பேசராக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள் 1999-இல் காட்டினார்கள்.

பேசும்போது ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, நிவாரண மருந்து எடுத்தும் குறையாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து மருந்தைத் தொடர்ந்துகொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டாவது: ஒரே நோட்டுப் புத்தகம்

அந்த மஞ்சள் பையை மேசைமேல் கொட்டிப் பார்த்தபோது, ஒரு வியாதியின் மருந்து மற்றொரு வியாதியைத் தூண்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிராப்ரனலால், அட்டினலால் போன்ற இரத்தக்கொதிப்பு மாத்திரைகள் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் அப்படியே. மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மாத்திரைகள் சிலருக்கு இளைப்பைக் கொண்டுவரும். இளைப்புக்காக அடிக்கடி சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையோ சர்க்கரையையும் இரத்தக்கொதிப்பையும் ஏற்றி, எலும்பையும் பலவீனமாக்கும்.

இவற்றில் எதையும் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதுவும் ஆபத்தே. ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி, முதல் பக்கத்தில் "எனக்கு ஆஸ்துமா உண்டு" என்று பெரிதாக எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும், கண் டாக்டரானாலும், முதலில் அதைக் காட்ட வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை.

மூன்றாவது: மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் சத்தமில்லாமல் கெடுக்கிறவை. அவற்றுக்குத் தினசரி மாத்திரையும் தவறாத பரிசோதனையும் போதுமான தொடக்கம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அரசு தருவதை வாங்கிக்கொண்டால், கையிலுள்ள பணம் மூச்சு மருந்துக்கு மிஞ்சும்.

நான்காவது: ஒவ்வொன்றாக மற்றவை

விறகுப் புகை, வேலையிடத்துத் தூசி, உடல் எடை, உணவு ஆகிய எல்லாம் முக்கியமே. ஆனால் ஒரு மாதத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளட்டும். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாளில் வேறு வேலை கேட்பதும், அடுப்பை வீட்டுக்கு வெளியே மாற்றுவதும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு கூட்டிப் பெருக்குவதும் செய்யக்கூடியவை. இரவில் இளைப்பில்லாமல் தூங்கினவருக்குத்தான் காலையில் நடக்கப் பலமிருக்கும்.

விசுவாசமும் பஃப்பும்

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "ஜெபம் பண்ணினேன், சுகம் கிடைத்தது என்று விசுவாசித்து மருந்தை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லி, நடு இரவில் மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்பட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாங்களும் நோயாளிகளோடு ஜெபிக்கிறோம். தேவன் சுகம் தருகிறார் என்று விசுவாசிக்கிறோம். ஆனால் பவுல், அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்கு (1 தீமோத்தேயு 5:23) அவிசுவாசத்தைக் குறித்துக் கடிந்துகொள்ளவில்லை. வயிற்றுக்கு ஏற்ற கைமருந்தைச் சொன்னார். தினமும் மருந்து எடுப்பது, தினமும் அப்பத்துக்காக ஜெபித்துச் சாப்பிடுவதைப் போன்றதே.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். முன்போல் ஓடியாடிச் செய்த வேலைகளை மற்றவர்கள் கையில் விட்டார். தம்மால் முடிந்த எழுத்தையும் ஜெபத்தையும் பற்றிக்கொண்டார். அவருடைய அநேக நூல்கள் அந்த அறையில் பிறந்தவை. பலவீனமான சரீரத்தில் எதை விடுவது, எதைப் பற்றிக்கொள்வது என்று தீர்மானிப்பதும் ஒரு கீழ்ப்படிதலே.

அந்தத் தாயார்

ஒன்பது வரித் தாளை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். புதிய தாளில் ஒரே வரி எழுதினேன்: "காலையும் இரவும் தடுப்பு மருந்து, பல் துலக்குமுன்." எங்கள் நர்ஸ், பாட்டில் ஸ்பேசரை அவர் கையில் கொடுத்து, அவரே சரியாகச் செய்து காட்டும்வரை உட்கார்ந்திருந்தார். இரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் டாக்டர் மேற்பார்வையில் மாற்றப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து வந்தார். ஊசிக்காக ஒருமுறையும் ஓடவில்லை என்றார். ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும் நின்றதால் சர்க்கரை அளவும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூட்டுவலி அப்படியே இருந்தது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "முதல் பாடம் முடிஞ்சுச்சு டாக்டரம்மா. ரெண்டாவதைச் சொல்லுங்க."

அன்பான பங்காளர்களே, ஒரு நோயாளிக்கு மருந்து எழுத இரண்டு நிமிஷம் போதும். அதை எந்த ஒழுங்கில், எப்படி எடுப்பது என்று கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் வேண்டும். உங்கள் காணிக்கை ஏழைகளுக்குத் தடுப்பு மருந்தை வாங்குகிறது. அதைவிட மேலாக, ஒரு நர்ஸ் அவசரமில்லாமல் பக்கத்தில் உட்காரும் அந்த அரைமணி நேரத்தையும் வாங்கிக் கொடுக்கிறது. உங்களில் அநேகர் பல வியாதிகளோடு போராடிக்கொண்டே இந்த ஊழியத்தைத் தாங்குகிறீர்கள் என்பதையும் அறிவோம். இந்தப் பாடம் உங்களுக்கும் உரியது.

சிந்திக்க

1. என் வியாதிகளில் நான் முதலிடம் கொடுக்க வேண்டியது எது? நான் முதலிடம் கொடுத்துவருவது எது?
2. என் எல்லா மருந்துகளின் பெயரும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?
3. என் சபையில் இளைப்போடு தனியாகப் போராடுகிறவர் யார்? அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போக என்னால் முடியுமா?

ஜெபிக்க

காற்றுக் காலத்தில் வரும் நோயாளிகளுக்காகவும், மலைத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிப்போகும் தாய்மார்களின் பாதுகாப்புக்காகவும், பொறுமையோடு கற்றுக்கொடுக்கும் எங்கள் நர்ஸ்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நம் நாசியில் சுவாசத்தைத் தந்த தேவன் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நல்ல சுகத்தோடு காத்துக்கொள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் ஆஸ்பத்திரி மருத்துவர்