கர்னல் விழும்போது கடைசி வரி வந்து சேரட்டும்

மொரப்பூரிலிருந்து சேலத்துக்கும் சென்னைக்கும் ரயிலேறி கம்ப்யூட்டர் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, லினக்ஸ் கர்னல் பக்கம் வருகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்வேன். கர்னல் விழத்தான் செய்யும். ஏன் விழுந்தது என்பதைச் சொல்லிவிட்டு விழவேண்டும். அது அதன் மரண வாக்குமூலம். அதை வாங்கும் ஏற்பாடு முன்கூட்டியே இருக்கவேண்டும்.

1. அந்தக் கடைசிச் செய்தியின் மதிப்பை உணருங்கள். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஓர் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கர்னலுக்குள் ஓடிய அந்நிறுவனத்தின் நிரல் 21 விவரங்களை எதிர்பார்த்தது, வந்தவை 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய் விழுந்தது. எந்த டிரைவர் எந்த இடத்தில் தவறியது என்பதை, விழுந்த கணினிகள் விட்டுச்சென்ற கிராஷ் டம்ப்தான் காட்டிக்கொடுத்தது.

2. முதலில் சீரியல் கேபிளை மாட்டுங்கள். திரை உறைந்துவிடும், சீரியல் போர்ட் பெரும்பாலும் கடைசிவரை பேசும். நீங்கள் சோதிக்கும் போர்டு 3.3 வோல்ட் என்றால் அடாப்டரும் 3.3 வோல்ட்தான். போர்டின் டிஎக்ஸ் முனை அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு, கிரவுண்டு கிரவுண்டுக்கு. பூட் வரியில் ‘குவயட்’ இருந்தால் நீக்கிவிடுங்கள். விழுவதற்கு முந்தைய வரிகளில்தான் பல நேரம் துப்பு இருக்கும்.

3. நேரத்தைக் கணக்கிடுங்கள். 115200 பாட் வேகத்தில் வினாடிக்கு 11,520 எழுத்துகள் போகும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 7 மில்லிவினாடி. ஆயிரம் வரிகளுக்கு 7 வினாடி. அதற்குள், உறைந்த கணினியை மீண்டும் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் ரீசெட் செய்துவிட்டால் செய்தி பாதியில் அறுந்துவிடும். முக்கியமானதை முதலில் அச்சிடுங்கள்.

4. லாக்குக்காக (பூட்டுக்காக)க் காத்திருக்காதீர்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பேனிக், அதாவது கர்னல் மேற்கொண்டு ஓடமுடியாமல் விழும் நிலை, வந்ததும் ஒரு கோர் மற்ற கோர்களை நிறுத்திவிடும். நிறுத்தப்பட்ட கோர் அந்த நொடியில் கன்சோல் லாக்கைப் பிடித்திருந்தால், அதை விடுவிக்க இனி யாரும் இல்லை. காத்திருக்கும் கோரும் அங்கேயே உறைந்துவிடும். ஒரு வரிகூட வெளியே வராது. ஆகவே பேனிக் பாதையில் மெமரி கேட்கக்கூடாது, தூங்கக்கூடாது, இன்டரப்ட்டை எதிர்பார்க்கக்கூடாது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.10-இல் ஜான் ஓக்னெஸ் எழுதிய, கர்னல் செய்திகளைச் சேர்த்துவைக்கும், லாக் தேவைப்படாத ரிங் பஃபர் சேர்ந்தது. அதன்பின் வந்த புதிய கன்சோல் முறையில் சாதாரணம், அவசரம், பேனிக் என்று மூன்று படிகள். மேல்படியில் இருப்பது கீழ்ப்படியிடம் கன்சோலைக் கேட்டு வாங்கும். கிடைக்காவிட்டால் பேனிக் படி மட்டும் கடைசியில் பறித்துக்கொள்ளும். ரியல்டைம் லினக்ஸ் 2024-இல் 6.12-இல் முதன்மைக் கர்னலோடு சேர்வதற்கு இந்தக் கன்சோல் லாக் சிக்கல் தீரவேண்டியிருந்தது. இந்தப் புதிய கன்சோல் முறையின் நிரலைப் பொறுமையாகப் படியுங்கள்.

5. ஒரே வழியை நம்பாதீர்கள். ராமூப்ஸ், ஒதுக்கி வைத்த ராமில் செய்தியை எழுதும். ரீபூட் ஆனபின் எடுக்கலாம். கரண்ட் போனால் அதுவும் போகும், அதனால் அவசரப்பட்டு பிளக்கைப் பிடுங்காதீர்கள். நெட்கன்சோல் வேறொரு கணினிக்கு அனுப்பும். யூடிபி என்பதால் சில வரிகள் தொலையலாம். கேடம்ப், தனியே ஒதுக்கிய மெமரியில் இரண்டாவது கர்னலை எழுப்பி முழு டம்ப்பையும் எடுக்கும்.

6. முதல் ஊப்ஸை, அதாவது கர்னல் தவறும்போது அச்சிடும் பிழைச்செய்தியை, படியுங்கள். அடுத்தடுத்து வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். கடைசித் திரையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. அதே பில்டின் டீபக் விவரங்கள் உள்ள கர்னல் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல் முகவரிகள் வெறும் எண்கள்தான்.

7. வேண்டுமென்றே விழவைத்துப் பாருங்கள். ப்ராக் கோப்புறையில் உள்ள சிஸ்ஆர்கியூ-ட்ரிகர் கோப்பில் ஆங்கில ‘சி’ எழுத்தை எழுதினால் கர்னல் உடனே விழும். சோதனைக் கணினியில் மட்டும் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது ஒருமுறை, எல்லா கோர்களும் மும்முரமாக ஓடும்போது ஒருமுறை. இரண்டிலும் கடைசி வரிவரை சீரியலில் வந்ததா என்று பாருங்கள். வந்தபிறகு போர்டை வயலுக்கோ தொழிற்சாலைக்கோ அனுப்புங்கள். அங்கே நள்ளிரவில் அது விழும்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். நீங்கள் இன்று செய்த ஏற்பாடு மட்டும்தான் இருக்கும்.