லு பென் கட்சி ஜெயிக்குமா? கணிப்புகளை எப்படிப் படிப்பது

கேள்வி: ஈழத்திலிருந்து வந்து பாரிஸ் புறநகரான லா கூர்நேவில் பல வருடங்களாக இருக்கிறேன். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். எனக்கு அண்மையில்தான் குடியுரிமை கிடைத்தது. கணவர் இன்னும் வதிவிட அனுமதியில்தான் இருக்கிறார். 2027 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி வேலையிடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். "இந்த முறை லு பென்னின்ர கட்சிதான், கணிப்பெல்லாம் அப்படித்தான் சொல்லுது" என்கிறார் ஒருவர். "இருபது வருஷமா இதைத்தான் சொல்லுகினம், கடைசியில தோத்துப் போவினம்" என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? உண்மையைச் சொன்னால் பயமாகவும் இருக்கிறது.

— ஒரு வாசகி, லா கூர்நேவ், பிரான்ஸ்

பதில்: உங்களோடு வேலை செய்யும் இருவரும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். மரீன் லு பென்னின் கட்சி கணிப்புகளில் முன்னால் நிற்பது உண்மை. முன்னால் நின்றும் கடைசிக் கட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்றதும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கின்றன என்று புரிந்தால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் இரண்டு வாரம் கழித்து நேருக்கு நேர் மோதுவார்கள். இன்றைய முறையில் மக்கள் நேரடியாக வாக்களிக்கத் தொடங்கிய 1965 முதல் எவரும் முதல் சுற்றிலேயே வென்றதில்லை. முதல் சுற்றில் பிடித்தவரைத் தேர்ந்தெடுப்போம், இரண்டாவதில் பிடிக்காதவரை வெளியேற்றுவோம் என்பது பிரெஞ்சுக்காரர்களே சொல்லும் பேச்சு. எனவே லு பென்னை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பது பாதிக் கணக்குதான். 'என்ன ஆனாலும் இவர் மட்டும் வேண்டாம்' என்று எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பது மறுபாதி. இதுவரை முடிவைத் தீர்மானித்தது அந்த மறுபாதி.

2002 ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். ஏப்ரல் 21ஆம் தேதி இரவு, முதல் சுற்று முடிவில், மரீனின் தந்தை ஜான்-மரி லு பென் 16.9 சதவீதம் வாங்கி, பிரதமராக இருந்த சோசலிஸ்ட் ஜொஸ்பானைப் பின்தள்ளி இரண்டாம் சுற்றுக்குப் போனார். கணிப்பாளர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். வாழ்நாள் முழுவதும் வலதுசாரிகளை எதிர்த்த இடதுசாரிகள் வலதுசாரியான ஜாக் ஷிராக்குக்கு வாக்களித்தார்கள். ஷிராக் 82 சதவீதம். லு பென் 17.8. இரண்டு வாரத்தில் ஒரு சதவீதம் கூடக் கூடவில்லை. கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்துத் தீவிர வலதுசாரிகளைத் தடுக்கச் சேரும் இந்தப் பழக்கத்துக்குக் 'குடியரசு அணி' என்று பெயர்.

அந்த அணி அப்போது ஒரு மதில். இப்போது அது எவ்வளவு உயரம் என்பதை வாக்குகளே காட்டும். 2002இன் இரண்டாம் சுற்றில் தந்தைக்கு 55 இலட்சம் வாக்குகள். 2017இல் மகளுக்கு 1 கோடியே 6 இலட்சம், அதாவது 33.9 சதவீதம். 2022இல் 1 கோடியே 33 இலட்சம், 41.5 சதவீதம். மூன்று முறையும் தோல்விதான். ஆனால் ஒவ்வொரு தோல்வியும் முந்தையதைவிட வெற்றிக்கு நெருக்கமானது.

இதற்குக் காரணம் இரு பக்கமும் இருக்கிறது. மரீன் லு பென் பக்கத்தில் பதினைந்து ஆண்டுத் திட்டமிட்ட வேலை. 2011இல் கட்சித் தலைமை ஏற்றார். யூதப் படுகொலையைக் கொச்சைப்படுத்திப் பேசிவந்த தந்தையையே 2015இல் கட்சியிலிருந்து வெளியேற்றினார். 2018இல் கட்சியின் பெயரைத் தேசியப் பேரணி என்று மாற்றினார். யூரோ நாணயத்தைக் கைவிடும் பேச்சை 2017 தோல்விக்குப் பிறகு விட்டுவிட்டார். 2022 பிரச்சாரத்தில் சந்தை சந்தையாகப் போய் விலைவாசியைப் பற்றிப் பேசினார். வெளிநாட்டவர் குறித்த கொள்கையின் அடித்தளம் பெரிதாக மாறவில்லை. அதைச் சொல்லும் குரல் மாறியது.

மறுபக்கத்தில் சலிப்பு. லு பென்னைத் தடுப்பதற்காக 2017, 2022 இரு முறையும் எதிரே நின்ற மக்ரோனுக்கு வாக்களித்த இடதுசாரிகள் பலர், 2023இல் ஓய்வூதிய வயது 62இலிருந்து 64 ஆக, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே இல்லாமல் அரசியலமைப்பின் 49.3 பிரிவைக் கொண்டு உயர்த்தப்பட்டதைப் பார்த்தார்கள். 'தடுக்கச் சொல்லும்போது நாங்கள் வேண்டும், ஆளும்போது வேண்டாமா' என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தச் சலிப்பு வாக்குச்சாவடிக்குள் எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் முதல்முறை வாக்களிக்கும்போது கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு வேட்பாளரின் பெயரும் தனித்தனித் தாளில் அச்சிடப்பட்டு மேசையில் அடுக்கியிருக்கும். இரகசியம் காக்க ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களை எடுத்துக்கொண்டு, உறையோடு திரைக்குப் பின்னால் போவீர்கள். ஒன்றை உறையிலிட்டு வந்து, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் போட்டதும், அலுவலர் 'வாக்களித்தார்' என்று உரக்கச் சொல்வார். வெறும் உறையையும் போடலாம். அதைத் தனியாக எண்ணுவார்கள், ஆனால் சதவீதக் கணக்கில் சேராது. 2022இன் இரண்டாம் சுற்றில் அப்படி வெறுமையாகவோ செல்லாததாகவோ விழுந்தவை ஏறத்தாழ 30 இலட்சம். வாக்களிக்கவே போகாதவர்கள் 28 சதவீதம். தடுத்திருக்கக்கூடியவர் வெறும் உறையைப் போட்டால், மதிலில் ஒரு கல் குறைகிறது.

தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனைப் பாருங்கள். 2017 இரண்டாம் சுற்றில் அங்கே மக்ரோனுக்கு ஏறத்தாழ 60 சதவீதம். 2022 முதல் சுற்றில் இடதுசாரியான மெலன்ஷோன் 40 சதவீதம் வாங்கி முதலிடம். இரண்டு வாரம் கழித்து அதே தீவில் லு பென் ஏறத்தாழ 60 சதவீதம். அங்கிருந்தவர்கள் எல்லோரும் இரண்டு வாரத்தில் தீவிர வலதுசாரிகளாகிவிடவில்லை. ஆட்சியில் இருப்பவர் மீதான கோபம், லு பென்மீது இருந்த அச்சத்தை மிஞ்சிவிட்டது. லு பென்னுக்கு வாக்களிப்பவர்களை ஒரே சொல்லில் முத்திரை குத்தினால் இதைப் புரிந்துகொள்ளவே முடியாது. சுரங்கங்கள் மூடப்பட்ட வடக்கில், அவருடைய தொகுதியான எனான்-போமோன் பக்கம், பரம்பரையாக இடதுசாரிக்கு வாக்களித்த தொழிலாளர் குடும்பங்கள் அவரிடம் போனதற்கும் கைவிடப்பட்ட உணர்வு பெரிய காரணம்.

இனி கணிப்புகள். பொதுவாக ஆயிரம், இரண்டாயிரம் பேரிடம் கேட்டுச் சொல்வது. இரண்டு மூன்று சதவீதம் இப்படியும் அப்படியும் போகலாம். 51–49 என்று செய்தி வந்தால் அதற்குச் 'சமம்' என்றே பொருள். தவறும் ஒரே பக்கம் சாய்வதில்லை. 2002இல் தந்தையைக் குறைத்து மதிப்பிட்டார்கள். 2017 இரண்டாம் சுற்றில் மகளுக்குக் கிட்டத்தட்ட 40 என்றார்கள்; தொலைக்காட்சி விவாதத்தில் அவர் தடுமாறியதும் சேர்ந்து 34ஆக இறங்கியது. 2022இலும் இறுதி முடிவில் இடைவெளி கணிப்புகளைவிடப் பெரியதாகவே இருந்தது. வெகு முன்கூட்டிய கணிப்பை நம்பவே கூடாது: 1995 தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்வரை பலதூர் என்ற வேட்பாளர் கண்டிப்பாக வெல்வார் என்றார்கள், அவர் இரண்டாம் சுற்றுக்கே வரவில்லை.

2024 ஜூன்-ஜூலை நாடாளுமன்றத் தேர்தலே நெருங்கிய பாடம். முதல் சுற்றில் தேசியப் பேரணியும் அதன் கூட்டாளிகளும் 33 சதவீதத்தோடு முதலிடம். பெரும்பான்மை கிடைத்துவிடும் என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஒரே வாரத்தில், இரண்டாம் சுற்றில் மும்முனைப் போட்டியிருந்த தொகுதிகளில் 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் எதிர்வாக்கு சிதறாமலிருக்க விலகினார்கள். முடிவில் 577இல் 143 இடங்களோடு மூன்றாம் இடம். மதில் அன்றும் நின்றது. ஆனால் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் விலகிக்கொள்ள மூன்றாமவர் யாரும் இருக்கமாட்டார். அங்கே வாக்காளரே வந்து, அதுவும் பிடிக்காத இன்னொருவரின் தாளை எடுத்து, உறையிலிட வேண்டும்.

வேட்பாளர் யார் என்பதையும் நீதிமன்றம் சிக்கலாக்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றப் பணத்தைக் கட்சிப் பணியாளர்களுக்குச் செலவிட்ட வழக்கில் 2025 மார்ச் 31 அன்று லு பென் குற்றவாளி என்று தீர்ப்பாகி, உடனே நடைமுறைக்கு வரும்படி ஐந்து ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். தீர்ப்புக்குப் பிறகும் கட்சியின் முதல் சுற்று ஆதரவு சரியவில்லை. அவர் இல்லாவிட்டால் நிற்கக்கூடியவர் ஜோர்தான் பார்டெல்லா, 1995இல் பிறந்தவர், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சான்-தெனியில் வளர்ந்தவர். லு பென் என்ற குடும்பப் பெயரின் சுமை அவருக்கு இல்லை. ஆட்சி அனுபவமும் இல்லை. அவரா இவரா என்பதற்கு அப்பால் நம் கேள்வி அப்படியே நிற்கிறது: எதிர்ப்பு வாக்கு ஒன்றுசேருமா?

என் முடிவு இது. அந்தக் கட்சி வெல்லவே முடியாது என்பது 2002இல் சரி, இன்று சரியில்லை. வென்றுவிட்டது என்பதும் சரியில்லை. இரண்டாம் சுற்றில் எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே பெரும்பகுதி முடிவாகும். இடதும் நடுநிலையும் சேர்ந்து ஏற்கக்கூடியவர் நின்றால் மதில் நிற்கும். பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாக்களிக்க வேண்டியவர் நின்றால் சரியலாம்.

உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. வீட்டுவசதி, உதவித்தொகை, வேலை ஆகியவற்றில் குடிமக்களுக்கே முன்னுரிமை, பிரான்சில் பிறந்ததால் வரும் குடியுரிமைக்கு முடிவு: இவை அந்தக் கட்சி வெளிப்படையாகச் சொல்பவை. அதே சமயம் ஜனாதிபதி நினைத்ததெல்லாம் மறுநாள் சட்டமாகாது. 2024 ஜனவரியில் குடியேற்றச் சட்டத்தின் பல பிரிவுகளை அரசியலமைப்பு மன்றம் நீக்கியது. அதைத் தாண்டத்தான் பொதுவாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பையே மாற்றுவோம் என்கிறார்கள். அதற்கும் காலமும் போராட்டமும் ஆகும். கணவருக்குக் குடியுரிமை கேட்கத் தகுதி இருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்; எந்த ஆட்சி வந்தாலும் அது பயன்படும்.

கணிப்புச் செய்தி வரும்போது முதல் சுற்று எண்ணைத் தாண்டிப் படியுங்கள். இரண்டாம் சுற்றுக்கு யாரை எதிரியாக வைத்துக் கேட்டார்கள், எத்தனை பேர் வாக்களிக்க மாட்டோம் என்றார்கள், மெலன்ஷோன் வாக்காளர்கள் எங்கே போகிறார்கள் என்று தேடுங்கள். உண்மை நிலவரம் அங்கேதான் இருக்கும். பிறகு உங்கள் நகராட்சி அலுவலகமான மெரிக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிந்துவிடும். வாக்களிப்பு நாளில் வேலை இருந்தால் நம்பிக்கையான ஒருவருக்கு உங்கள் சார்பில் வாக்களிக்கும் அதிகாரம் கொடுக்கலாம். இத்தனை நாள் மற்றவர்கள் எடுத்த முடிவைக் கேட்டுப் பயந்தீர்கள். இனி அந்த முடிவை எடுப்பவர்களில் நீங்களும் ஒருவர். யாருக்குப் போடுவது என்பது உங்கள் உரிமை, ஆனால் இரண்டு சுற்றுக்கும் போங்கள்.