நாய்த் தீவனத்தில் பூசண நஞ்சு



காடாம்புலியூர்ப் பக்கம் நாம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையில் பூசணம் பிடித்துவிட்டால், வீணாக்க மனமின்றி அதையும் அதன் பிண்ணாக்கையும் நாய்க்கு வைக்கிறோம். இது தவறு. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் அஃபிளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வேகவைத்தாலும் அது அழியாது, ஈரலைக் கெடுக்கும்.

1960-இல் இங்கிலாந்தில் நச்சுக் கடலைப் பிண்ணாக்கைத் தின்று சுமார் ஒரு இலட்சம் வான்கோழிகள் மடிந்தன. 2020 இறுதியில் அமெரிக்காவில், கடையில் விற்ற நாய்த் தீவனத்தில் இந்நஞ்சு இருந்தது. 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன.

கவனிக்க வேண்டியவை:

1. காய்களை 8 சத ஈரத்திற்கு மிகாமல் உலர்த்துங்கள். குலுக்கினால் பருப்பு ஆடும் ஓசை கேட்க வேண்டும்.

2. மூட்டைகளைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

3. செல்லப்பிராணித் தீவனக் கடையில் பணிபுரியும் உங்கள் பிள்ளைகள் பழைய சரக்கை முதலில் விற்கட்டும். நனைந்த பையை விற்கவே வேண்டாம்.

4. நாய் தீனி எடுக்காமல் வாந்தியெடுத்து, ஈறும் கண்ணும் மஞ்சளித்தால், அத்தீவனத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய்க்கு ஆகாததைக் கறவை மாட்டுக்கும் வைக்காதீர்கள். நஞ்சு பால் வழியாக நம் குழந்தைகளை அடையும்.