ஆடியில் பால் காய்ச்சலாமா?

கேள்வி: சென்னை வேலையை விட்டுவிட்டுக் கணவரின் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். ‘ஆடியில் புது வீட்டுக்குக் குடிபோகாதே, ராகு காலத்தில் கடை திறக்காதே’ என்று எதற்கெடுத்தாலும் மாமியார் தடை போடுகிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, காரியாபட்டி.

பதில்: சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30 என்று ராகு காலம் போட்டிருக்கும். காலை 6 முதல் மாலை 6 வரையிலான பகலை எட்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை ஒதுக்கிய கணக்கு அது. அந்தக் காலண்டர் அநேகமாக உங்கள் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சானதுதான். அங்கே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது எப்போது தெரியுமா? ஆடிப்பெருக்கு அன்று! தொழில் என்று வந்தால் ஆடியிலும் நல்ல நாள் உண்டு. விதியைச் சொன்ன பெரியவர்களே விலக்கையும் வைத்திருக்கிறார்கள்.

எனவே வாதாடாதீர்கள். நாள் குறிக்கும் வேலையை மாமியாரிடமே விடுங்கள். ஒன்றரை மணி நேரம் தள்ளிக் கடை திறந்தால் குடிமுழுகிவிடாது. ஆனால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை ‘ராகு காலம் கழியட்டும்’ என்று வீட்டில் வைத்திருப்பது, கணவரை இழந்தவரை விசேஷத்தில் ஒதுக்குவது போன்றவற்றுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய அம்மா அல்லவா!